செத்த துணி

முதல் மூட்டையின் வாயை அவிழ்த்ததும் கைக்கு வந்தது ஒரு ஆம்பிளை ஜட்டி. எலாஸ்டிக் தொய்ந்து, இடுப்புப் பக்கம் மஞ்சள் ஏறிப்போனது. அதை நாலாக மடித்து, மடிப்பின் மேல் ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். சீட்டில் கொடுத்த குடும்பத்தின் பெயர். வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்தவர்களின் பெயரை ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். அதில் தங்கள் பெயர் விட்டுப்போகக் கூடாதே என்று அவ்வளவு கவலை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் என் எதிரே குந்தியிருந்த டிரில் மேடம் அந்த ஜட்டியை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டாள். சீட்டைப் பிய்த்து என்னிடம் நீட்டி, "பேர நீங்க வெச்சுக்கோங்க அக்கா, சாமானு எனக்கு வேணும்" என்றாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.

அந்த மூட்டைகள் எங்கள் கோயிலிலிருந்து வந்தவை. சித்தூரில் மிஷன் காலத்திலிருந்து இருக்கும் தமிழ்ச் சபை எங்களுடையது. தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அந்த வருஷ மழையில் சுவர்ணமுகி ஆறு கரை தாண்டி, காளஹஸ்திப் பக்கம் தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது சபையில் துணி சேர்த்தோம். ஒரே வாரத்தில் பதினான்கு மூட்டை. வண்டி பிடித்து எடுத்துக்கொண்டு போனோம். அங்கே ஒரு பெண் மேலே இருந்த ரவிக்கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. வெள்ளத்தில் எங்கள் துணிதான் போயிற்று, மானம் போகவில்லை அம்மா என்று தெலுங்கில் சொல்லி, ரவிக்கையை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அந்த இடத்திலேயே நாங்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எங்கே! "ஓசில வாங்கறதுக்கே இவ்ளோ திமிரு பாரு" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு திரும்பி வந்தோம். பேசியவர்களில் நானும் உண்டு.

கோயில் ஹாலில் கொட்டிப் பிரித்தபோதுதான் அவள் முகர்ந்தது என்ன என்று தெரிந்தது. உடுத்தக்கூடியது மூன்று மூட்டை தேறியது. மீதிப் பதினொன்றும் குப்பை. கலந்துவிடக் கூடாது என்று தடித்த மார்க்கர் எடுத்து, மூன்றின் மேல் 'நல்ல துணி' என்றும் பதினொன்றின் மேல் 'செத்த துணி' என்றும் எழுதினேன். சித்தூர்க்காரர்களான எங்களுக்குக் குப்பை என்றால் செத்த. தெலுங்குச் சொல்தான், ஆனால் எங்கள் வாயில் அது தமிழாகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. குப்பைக்கூடை செத்தக்கூடை, குப்பை வண்டி செத்த வண்டி. "செத்தய கொட்டிட்டு வா" என்று நைனா சொல்லாத நாள் கிடையாது. எழுதும்போது அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது என் புத்திக்கு எட்டவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்த அத்தனை பேரும் அதைப் படித்துக்கொண்டேதான் உள்ளே போனார்கள். ஒருவருக்கும் எட்டவில்லை.

சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் நடுவில் ஒரு தனியார் உறைவிடப் பள்ளியில் எனக்கு வேலை. ஸ்டோர் இன்சார்ஜ். தினமும் சித்தூரிலிருந்து பஸ். டிரில் மேடம் அங்கே உடற்பயிற்சி ஆசிரியை. தமிழ்நாட்டு எல்லையோரக் குடிபாலாக்காரி, தமிழ் மீடியத்தில் படித்தவள், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், மைதானத்தின் இந்தக் கோடியில் கூப்பிட்டால் சமையல்கட்டில் இருப்பவர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள், அப்படி ஒரு குரல். புருஷன் இருந்தும் இல்லாத கணக்கு. ஏழாவது படிக்கிற மகளையும் அழைத்துக்கொண்டு வந்து வேலைக்குச் சேர்ந்தாள். வேலை நிரந்தரமில்லை, ஒரு வருஷ ஒப்பந்தம். அவள் வேலையில் இருக்கும்வரை மகளும் அங்கே படிக்கலாம். அவள் போனால் மகளும் போக வேண்டியதுதான். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான், மகள் அங்கேயே பத்தாவது முடிக்க வேண்டும்.

எங்கள் கரஸ்பாண்டென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லவே வாய் கசக்கிறது. பள்ளி விளம்பரப் புத்தகத்தில் ஒரு பெண் வில்லை வளைத்து நிற்பதுபோல் படம் போட்டிருந்தார். எங்கிருந்தோ எடுத்த படம்; அந்தப் பெண்ணும் எங்கள் பள்ளி இல்லை, பின்னால் தெரிகிற மலையும் எங்கள் ஊர் மலை இல்லை. பெற்றோர் கேட்கத் தொடங்கியதும் நான்கு வில்லும் கொஞ்சம் அம்பும் வாங்கிப்போட்டார். வாங்கிய அன்றே கையில் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். அம்பை எதில் எய்வது என்று டிரில் மேடம் கேட்டதற்கு, "உன்னதாந்தோ சர்துகோண்டி மேடம்" என்றார். இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். வருஷ முடிவுக்குள் பெண்கள் மாவட்ட அணித் தேர்வுக்குப் போனால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்றும் சொன்னார். அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் குப்பையில் கை வைத்தாள்.

முதலில் அட்டை. சமையல்கட்டுக்கு வரும் பெட்டிகளைப் பட்டை பட்டையாக அறுத்து, ஓரம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி, மேலும் கீழும் பலகை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். அம்பு அட்டைகளின் இடுக்கில் போய் அழகாக நின்றது. பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு ஒரு மழை, அதற்குப் பிறகு கரையான். அடுத்து தெர்மோகோல், கம்ப்யூட்டர் வந்த பெட்டிகளில் இருந்தது. அம்பு போகும் சூட்டில் அது இளகித் தண்டில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கும்போது பல் கூசுகிற சத்தம். மைதானம் பூராவும் வெள்ளைப் பொரி. பொறுக்கிப் பொறுக்கி இடுப்பு போயிற்று என்று அவள் திட்டாத நாள் இல்லை. மூன்றாவதாகத்தான் துணி. நான்தான் சொன்னேன், எங்கள் கோயில் ஹாலில் பதினொரு மூட்டை கிடக்கிறது, எறிந்தால் கொடுத்தவர்கள் மனசு நோகும் என்று போதகர் ஐயா முழித்துக்கொண்டிருக்கிறார் என்று. பள்ளி வேன் சித்தூரிலிருந்து காலியாகத் திரும்புகிற நாளில் ஏற்றி அனுப்பினேன். ஐயா என்னை ஆசீர்வதித்தே அனுப்பினார். இடம் காலியானதில் அவருக்கு அத்தனை நிம்மதி.

துணியை அப்படியே அடைத்துவிட முடியாது. கொக்கி, பொத்தான், ஜிப், எது இருந்தாலும் அம்பு அதில் பட்டுத் திரும்பி எய்கிறவள் மேலேயே வரும். ஆகவே ஒவ்வொன்றையும் கையால் தடவித் தேடி அறுக்க வேண்டும். மூன்று நாள் மத்தியானங்களில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் தடவினோம். எங்கள் சபையில் யார் யார் என்ன மாதிரி ஆட்கள் என்று அந்த மூன்று நாளில் நான் தெரிந்துகொண்டதுபோல் இத்தனை வருஷ ஆராதனையில் தெரிந்துகொண்டதில்லை. காலரில் எண்ணெய்ப் பிசுக்குக் கருப்பாக உறைந்த சட்டை. பையில் மென்று துப்பிய பாக்கோடு ஒரு பேண்ட். கறை போகாத உள்பாவாடை. குழந்தை மூத்திரம் காய்ந்து மொடமொடத்த துப்பட்டி. ஒரு துண்டுக்குள் சுருட்டி வைத்த, உபயோகித்த டயப்பர். வீடு வாசல் இழந்து நடுத்தெருவில் நிற்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிட்டு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். சீ என்று வந்தது. டிரில் மேடம் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, "இவுங்கல்லாம் சொர்க்கத்துக்குப் போய்க்கினு இருக்காங்க, நானு நரகத்துக்கே போறேன் அக்கா, அங்க காத்தோட்டமா இருக்கும்" என்றாள்.

மூன்றாம் நாள் அவள் ஒரு நைட்டியை உதறி எடுத்தாள். ஊதாப் பூப் போட்டது, இரண்டு அக்குளும் கிழிந்து வெளுத்தது. "இத குடுத்தவ எவளோ, அவ மூஞ்சியப் பாக்கணும் அக்கா. இத எவளுக்குக் கட்டிக்கக் குடுத்தாளாம்?" என்று தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அது என்னுடைய நைட்டி. நான் கொடுத்ததுதான். நானும் சேர்ந்து சிரித்தேன். நைட்டியைக் கையில் வாங்கி, அதில் இருந்த இரண்டு பிரஸ் பட்டனையும் அறுத்து, மற்றதோடு போட்டேன். முகம் சுடுவது எனக்கே தெரிந்தது.

வந்த மூட்டைச் சாக்குகளையே திருப்பி உபயோகித்தாள். பாதி நிரம்பியதும் உள்ளே இறங்கி மிதிப்பாள். தளர்ந்திருந்தால் அம்பு உருவிக்கொண்டு மறுபக்கம் போகும். அதிகம் இறுகினால் பிடுங்க வராது. மிதித்துவிட்டு விரலை நுழைத்துப் பார்ப்பாள், பிறகு இன்னொரு கை துணி. வாயைக் கோணி ஊசியால் தைப்பாள். வட்டம் வரைய வெள்ளைத் துணி இல்லை. ஸ்டோரில் இருந்தது கரஸ்பாண்டென்ட்டின் பிறந்தநாள் பிளெக்ஸ் பேனர் மட்டும்தான், ஆள் உயரத்துக்கு அவர் கும்பிடு போட்டு நிற்பார். அதைத் துண்டு போட்டு, அவர் முகம் உள்பக்கம் போகும்படி திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வட்டம் வரைந்தாள். "சார் உள்ளேருந்து பாத்துக்கினு இருக்கட்டும்" என்றாள். பதினொரு மூட்டைத் துணியும் மிதித்து மிதித்து ஆறில் அடங்கியது. மைதானக் கோடியில் அந்த ஆறு மூட்டையை நிறுத்தி, முதல் பெண் எய்த அம்பு 'தொப்' என்று போய் நின்றபோது அவள் கை தட்டியதும் ஒரு குதி குதித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் குப்பையிலிருந்து சுத்தமாக வெளியே வந்தது அந்த ஒரு சத்தம்தான். இரண்டு மாதத்தில் நான்கு பெண்கள் தேர்வுக்குத் தயாராகிவிட்டார்கள். அதில் ஒருத்தி அவள் மகள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிறு. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர், விழுப்புரம் பக்கத்துக்காரர், மகளைப் பார்க்க வந்திருந்தார். மகள் எய்ததைப் பார்த்து ரொம்பப் பெருமை. குறி தப்பி மூட்டைக்குப் பின்னால் விழுந்த அம்பை எடுக்க அவரே போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். மூட்டையின் முன்பக்கம்தான் வட்டம்; பின்பக்கம் என் எழுத்து. தமிழ்நாட்டிலிருந்து வருகிற எவருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"என்னங்க இது, செத்த துணியா?" என்று டிரில் மேடத்தைக் கேட்டார்.

"ஆமா சார்! அத்தினியும் செத்த துணிதான். இன்னும் ரெண்டு மூட்ட கெடச்சா நல்லா இருக்கும்" என்றாள் அவள், சந்தோஷமாக.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"ஊர்ல ஒருத்தரும் வாணான்னு ஒதுக்கினது சார். தொடவே மாட்டாங்க. நாங்கதான் கையால பிரிச்சோம். புள்ளைங்ககூட வந்து மிதிச்சி குடுத்தாங்க."

ஸ்டோர் வாசலில் நின்றிருந்த எனக்கு அவர் முகம் வெளிறியது தெரிந்தது. மறுநொடியே எனக்கு விளங்கிவிட்டது. அவள் குப்பையைச் சொல்கிறாள், அவர் பிணத்தைக் கேட்கிறார். நடுவில் நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூவரும் சிரித்திருப்போம். இருபது அடி தூரம். நான் திரும்பி உள்ளே போய் டம்ளர்களை எண்ணத் தொடங்கினேன். அவர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் முழங்கை வரை கழுவிவிடும் சத்தம் உள்ளேவரை கேட்டது.

ஒரு மணி நேரத்துக்குள் மூட்டையின் படம் எல்லாப் பெற்றோர் போனிலும் போய்விட்டது. பிணத்தின் மேல் போட்ட துணியைப் பிள்ளைகளை மிதிக்க வைக்கிறார்கள் என்று ஆபீஸ் வாசலில் பத்துப் பேர். உள்ளே கரஸ்பாண்டென்ட், அந்தத் தகப்பன், டிரில் மேடம், நான். செத்த என்றால் குப்பை என்று அவள் சொன்னதும் கரஸ்பாண்டென்ட்டுக்கு உடனே புரிந்துவிட்டது, அவர் தெலுங்குக்காரர்தானே. புரிந்ததும் அவர் முகம் இன்னும் கெட்டது. பிணத்துத் துணி என்றாலாவது யாரோ கட்டிவிட்ட வதந்தி என்று சமாளித்திருப்பார். குப்பையைப் பொறுக்கி விளையாட்டு நடத்துகிற பள்ளி என்று வெளியே போனால்? சர்துகோண்டி என்று சொன்ன வாய் சுத்தமாக மூடிக்கொண்டது. யாரைக் கேட்டுக் குப்பையை உள்ளே கொண்டுவந்தாய் என்று அவளையே கேட்டார். அப்போது அந்த மனிதரைப் பார்க்க எனக்கு உண்டான அருவருப்பு, மூன்று நாள் துணி பிரித்தபோதுகூட உண்டாகவில்லை.

அந்தத் தகப்பன் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "இத யார் எழுதினதுன்னு தெரியணும். எழுதினவங்க என் முன்னாடி வந்து, நான்தான் எழுதினேன், அர்த்தம் இதுதான்னு சொல்லட்டும். நான் நம்பிட்டுப் போயிடறேன். எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்" என்றார்.

டிரில் மேடம் பேசவில்லை. அவள் எழுதவில்லையே. என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்கு வழி விட்டு நின்றாள். கரஸ்பாண்டென்ட் என் பக்கம் திரும்பினார். ஸ்டோர் உங்களுடையது, நீங்கள் எழுதினீர்களா என்று கேட்டார். நான் படித்தது தெலுங்கு மீடியம், ரிஜிஸ்டர் எழுதுவது இங்கிலீஷில். தமிழ் எழுத்தை நான் கற்றுக்கொண்டது கோயிலின் ஞாயிறு பள்ளியில். பள்ளிக்கூடத்தில் அது டிரில் மேடத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

"நாக்கு அரவம் ராயடம் ராது சார்" என்றேன். எனக்குத் தமிழ் எழுத வராது என்று, தெலுங்கில். அரவம் என்று தெலுங்குக்காரர்கள் நம் மொழியைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லும் அந்தச் சொல்லையே சொன்னேன். அப்படிச் சொன்னால் இன்னும் நம்புவார்கள் என்று அந்த நேரத்திலும் எனக்குக் கணக்கு ஓடியது. ஏன் சொன்னேன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பயம். குப்பை என் வழியாக வந்தது என்று ஆகிவிடும், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்கிற அற்பப் பயம். தமிழ் மீடியத்தில் படித்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான் என்று ஆனது. அந்தத் தகப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்து, "எழுதிட்டு வாயத் தொறக்காம நிக்கறீங்களே மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவள் மறுக்கவில்லை. கரஸ்பாண்டென்ட் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

மறுநாள் மகளின் டி.சி. வாங்க வந்தாள். கேட் வரை கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையில் இருந்த தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு பாடியவள் அவள். மகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள்.

"அப்ப கோயில்ல நீங்க புஸ்தகத்த சும்மாதான் புடிச்சிக்கினு இருந்தீங்களா அக்கா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. பதிலுக்கு நிற்காமல் ஏறிப் போய்விட்டாள். என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நான் அவளைக் கொஞ்சமாவது வெறுத்து நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஆறு மூட்டைகளையும் சமையல்கட்டுக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினார்கள். நைலான் எரிந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. மைதானத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதையும் படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பினார்கள். பத்தே நாளில் கடையிலிருந்து பளபளவென்று புது இலக்குப் பலகைகள் வந்து இறங்கின. வேண்டும் என்றால் எல்லாம் வரும் என்று அப்போது தெரிந்தது. அந்த வருஷம் தேர்வுக்கு யாரும் போகவில்லை. அந்தத் தகப்பனும் மகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். டிரில் மேடம் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறாளாம், மகள் பத்தாவதோடு நின்றுவிட்டாளாம். சித்தூர் பஸ்ஸில் குடிபாலாக்காரர் ஒருவர் சொன்னார். போன் நம்பர் இருக்கிறது என்றார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் இன்னும் அதே ஸ்டோரில்தான் இருக்கிறேன். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இப்போது பள்ளியில் அதிகம். போன மாதம் கரஸ்பாண்டென்ட் எல்லோரையும் கூட்டி, பெற்றோருக்குத் தமிழில் ஒரு சுற்றறிக்கை எழுத வேண்டும், யாருக்கு வரும் என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தலையைக் குனிந்து ரிஜிஸ்டரைப் புரட்டினேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற நாலு வருஷமாக அங்கே தமிழ் எழுத்தே தெரியாதவளாக உட்கார்ந்திருக்கிறேன். டிபன் பொட்டலத்தில் சுற்றி வரும் தமிழ்ப் பேப்பரைக்கூடப் படிக்காமல் கசக்கிப் போடுகிறேன். என்னைப் பார்க்க எனக்கே அசிங்கமாக இருக்கிறது. கோயிலில் பாவ அறிக்கை ஜெபத்தை எல்லோரோடும் சேர்ந்து தமிழில்தான் வாசிக்கிறேன். அதில் ஒரு எழுத்தும் பிசகுவதில்லை.

அந்த விழுப்புரத்துக்காரர் எங்கேயாவது இதைப் படிக்க நேர்ந்தால், அன்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. எழுதியது நான். அர்த்தம் குப்பை.